சுக்கு முற்றத்து ஏர்கன்

போன திங்கட்கிழமை காலை என் கடை மேஜைமேல் ஒரு நீளமான சாக்குப் பொதி வந்து உட்கார்ந்தது. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பழைய தேங்காயெண்ணெய், துரு, இரண்டுக்கும் அடியில் சுக்கு. மட்டாஞ்சேரியில் ஒரு சாமான் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று மூக்கை வைத்தே சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான். மற்ற கடைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களெல்லாம் காலேஜ் முடித்துவிட்டுப் பழைய சாமான் விற்க வந்தவர்கள். நான் நாலாம் கிளாஸைச் சங்கரன்கோவில் பக்கத்தில் விட்டுவிட்டு ரயிலேறினவன். இன்றைக்கு இந்தத் தெருவில் எனக்கு இரண்டு மாடிக் கடை. வெள்ளைக்காரர்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். அந்தப் பாதியை வைத்தே வியாபாரத்தை முடித்துவிடுவேன்.

பொதியைக் கொண்டுவந்தது அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மாள். தோப்பும்படியிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். பேர் தங்கமணி. இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவள் என்பது விரல் நுனிகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணாச்சி, இது என்ன சாமான்னு பாத்துச் சொல்லணும். மோன் போன்ல படம் எடுத்துப் போட்டான். பெங்களூர்ல ஒருத்தர் எடுத்துக்கறேங்கறார். வெல சரியான்னு எனக்கு அறியாது."

"வச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சொல்றேன்."

"இல்ல, நான் இருந்தே பாத்துக்கறேன். இன்னொண்ணும் கேக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "இந்தத் தோக்குல குண்டு போட்டுச் சுட்டிருக்கான்னு பாத்தாத் தெரியுமா?"

"எதுக்கு?"

"எங்கப்பா இதால ஒரு புறாவச் சுட்டுட்டார்னு வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நான் சுடலேன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டேதான் இருந்தார். வீட்ல நாங்களே பாதிதான் நம்பினோம்."

அப்பா பேர் கேட்டேன். வேலாயுதன் என்றாள். சேட்டின் சுக்கு முற்றத்தில் காவலாக இருந்தவர்.

எனக்கு அவரைத் தெரியும். நான்கு வருஷம் ஒரே முற்றத்தில் வேலை பார்த்திருக்கிறோம். ஆனால் அதை நான் அவளிடம் அப்போது சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மெதுவாகத் துடைத்தேன். எனக்கு யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கண்ணாடி துடைப்பது வழக்கம்.

சேட்டின் சரக்குக் கிட்டங்கி பஜார் ரோட்டில், காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. நடுவில் கல் பாவின பெரிய முற்றம். அதில் கணுக்கால் உயரத்துக்குச் சுக்கு காயும். இருபது வயதில் எனக்கு அங்கே சுக்கைப் புரட்டுகிற வேலை. வெறுங்காலோடு நடந்து காலாலேயே வரப்பு வரப்பாகப் புரட்டிவிட வேண்டும். முதல் வாரம் பாதம் எரியும். இரண்டாம் வாரம் எரிச்சல் நிற்கும். மூன்றாம் வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தும்முவான்.

சேட்டு குஜராத்திக்காரர். அவர்கள் கோயிலில் தினமும் மத்தியானம் புறாக்களுக்குத் தானியம் இறைப்பார்கள். ஆயிரம் புறா இறங்கும். தின்று முடித்ததும் அந்த ஆயிரமும் எங்கே போகும்? கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் முற்றத்துக்கு வரும். சுக்கை அவை தின்னாது. அதன்மேல் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போகும். ஆக, புறாக்களுக்குத் தீனி போடுகிறவரும் சேட்டுதான், அதே புறாக்களை விரட்டச் சம்பளத்துக்கு ஆள் வைத்தவரும் சேட்டுதான். இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. யோசித்துப் பார்த்தால் தப்பும் இல்லை.

அந்த ஆள்தான் வேலாயுதண்ணன். பாலக்காட்டுத் தமிழர், கொழிஞ்சாம்பாறைக்காரர். முற்றத்து மூலையில் ஒரு நாற்காலி, ஒரு பெரிய தாழங்குடை, மடியில் ஒரு ஏர்கன். ஊரைவிட்டுப் போன ஒரு துரை மேஜை நாற்காலிகளோடு சேட்டின் அப்பாவுக்கு விட்டுப்போன துப்பாக்கி அது. கூட வந்த குண்டு டப்பாவைப் பெரியவர் அன்றைக்கே காயலில் எறிந்துவிட்டாராம். துப்பாக்கியை எறியவில்லை. சத்தத்துக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார். தகரத்தைத் தட்டினால் புறா நாலு நாளில் பழகிவிடும். இந்தச் சத்தத்துக்குப் பழகவில்லை. வேலாயுதண்ணன் துப்பாக்கியைத் தொடைமேல் நட்டு, வானத்தைப் பார்க்க வைத்து வெறும் காற்றில் ஒரு தட்டு தட்டுவார். டப். ஆயிரம் சிறகும் ஒன்றாக எழும்பும். எங்கள் மேலெல்லாம் சுக்குத் தூசி பறக்கும்.

"அண்ணே, ஒரு தடவ நான் அடிச்சுக்கட்டா?" என்று கேட்பேன்.

"போடா பாண்டி. நீ அடிச்சா புறா சிரிக்கும்."

பாலக்காட்டுத் தமிழருக்குச் செங்கோட்டைக்குக் கிழக்கே இருந்து வந்தவன் எல்லாம் பாண்டி. நானும் அவரும் ஒரே பாஷைதான் பேசினோம். ஆனாலும் நான் பாண்டி.

சரி, மேஜைக்கு வருகிறேன். தங்கமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஏர்கன்னைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பாடம், துடைக்காதே. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கடை ஆரம்பித்த புதிதில் இதே மாதிரி ஒன்று கிடைத்தது. கறுத்துக் கிடக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழாய்க்கு நிக்கல் முலாம் பூசி, கட்டைக்கு அலமாரி வார்னிஷ் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தினேன். ஒரு ஜெர்மன்காரர் வந்தார். கையில் எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து யாராவது செத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பழைய இரும்பின் மேல் இருக்கும் அந்தப் பழுப்புக்குத்தான் விலை, இரும்புக்கு இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கு இதை நானே கண்டுபிடித்த மாதிரி எல்லோருக்கும் சொல்கிறேன்.

இரண்டாவது, வகை பார்க்க வேண்டும். திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் பார்த்திருப்பீர்களே, அந்தத் துப்பாக்கி குழாயை மடக்கித் திறக்கிற சாதி. இது மடங்கவில்லை. குழாய்க்கு அடியில் ஒரு நெம்புகோல். அதைக் கீழே இழுத்தால்தான் உள்ளே சுருள்கம்பி இறுகும். பக்கவாட்டில் தண்ணீர்க்குழாய்த் திருகு மாதிரி ஒன்று. அதைத் திருப்பினால் ஒரு துளை தெரியும். குண்டு போடுகிற இடம் அது. நெம்புகோலும் திருகும் சேர்ந்து இருந்தால் வயசு ஜாஸ்தி, மதிப்பும் ஜாஸ்தி.

மூன்றாவது எழுத்து. முகப் பவுடரைக் கொஞ்சம் எடுத்துக் குழாயின்மேல் தடவி ஊதினேன். பள்ளத்தில் பவுடர் தங்கி எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. எனக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் படம் மாதிரிதான். ஆனால் பர்மிங்ஹாம் என்கிற படம் எனக்கு மனப்பாடம். எத்தனை பித்தளைச் சாமானில் பார்த்திருக்கிறேன். அதைத் தங்கமணிக்குத் தொட்டுக் காட்டினேன். திருகுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கோடு இருந்தது. கீறல் என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் எவ்வளவு பெரிய நிபுணன் என்பதற்கு.

"வால்நட் கட்டை. பூச்சி இல்ல. வெடிப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே கட்டையைத் திருப்பினேன். அங்கேதான் எனக்கு ஆச்சரியம் தொடங்கியது.

எந்தத் துப்பாக்கியிலும் கன்னம் படுகிற இடம் தேய்ந்திருக்கும். குறி பார்க்கிறவன் கன்னத்தை அங்கே பதிப்பான், வேர்வை பட்டு மெருகு போகும். இதில் அந்த இடம் செய்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஆனால் கட்டையின் அடிமுனை ஒரு பக்கமாக வழுவழுவென்று குழிந்திருந்தது. தொடையில் நட்டு நட்டுத் தேய்ந்த குழி.

"உங்கப்பா குறி பாத்ததே இல்ல" என்றேன். "எப்பவும் தொடைமேல வச்சுத்தான் அடிச்சிருக்கார்."

அவள் அந்தக் குழியில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள்.

நெம்புகோலை இழுத்தேன். உள்ளே கரகரவென்று உடைந்த கம்பி உரசியது. கம்பிக்கு முன்னால் இருக்கிற தோல் வளையம் அப்பளமாக நொறுங்கியிருக்கும், திறக்காமலே தெரியும். ஏர்கன்னைக் குண்டு இல்லாமல் அடிக்கவே கூடாது. குண்டு இருந்தால் முன்னால் காற்று முட்டி நின்று, பாய்ந்து வருகிற உருளையைத் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் இரும்பு போய் இரும்பில் மோதும். உலகத்தில் யாரும் ஒரு நல்ல துப்பாக்கியை வருஷக்கணக்கில் வெறுமையாக அடிக்க மாட்டார்கள். எங்கள் முற்றத்தில் அடித்தோம். எங்களுக்கு அது துப்பாக்கியே இல்லை, சத்தம் போடுகிற ஒரு சாமான்.

அப்புறம் திருகில் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். சாயா வரவழைத்தேன். இளகினதும் துளையில் போன் வெளிச்சத்தைக் காட்டி, குழாயின் முனையில் கண்ணை வைத்தேன். உள்ளே சுருள் சுருளாக வரிகள். ஒவ்வொன்றும் நேற்று வெட்டின மாதிரிக் கூர்மையாக, பளபளவென்று. குண்டு போய்ப் போய் வருகிற ஈயப் படிவு கொஞ்சம்கூட இல்லை. இப்படி ஒரு குழாயை நான் பார்த்ததில்லை. என்னை மறந்து அவளையும் பார்க்கச் சொன்னேன். அவள் ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப அப்பா சுடலதானே?"

இங்கே நான் சும்மா தலையாட்டியிருக்கலாம். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. "நெறையச் சுட்டதில்ல, அது நிச்சயம். ஒரே ஒரு குண்டு போயிருந்தா தடம் நிக்காது, மோளே."

"ஒரே ஒரு குண்டுதான் அண்ணாச்சி பேச்சே."

அந்தப் பேச்சு வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வேலாயுதண்ணன் வழக்கம்போல ஒரு தட்டு தட்டினார். கூட்டம் எழும்பியது. ஒன்று மட்டும் எழும்பாமல் சுக்கில் சிறகை அடித்துக்கொண்டு கிடந்தது. நான் போய் எடுத்தேன். கையில் புரட்டினபோது நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு ஈயக் குண்டு நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. சேட்டு கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுகிறவர் இல்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டது.

"வேலாயுதா, ஒரு ஜீவன் போயி."

"நான் குண்டு போடல சேட்டு. என்கிட்ட குண்டே இல்ல."

சேட்டு என்னைப் பார்த்தார். "நீ கேட்டியா? வெடிச்சதா?"

"வெடிச்சது" என்றேன்.

பொய் இல்லை. வெடித்தது. தினமும் ஐம்பது தடவை வெடித்தது. இந்த நாலு வருஷத்தில் அந்த முற்றத்தில் ஒரு குண்டைக்கூட நான் கண்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, சொல்லவில்லை. சேட்டு குண்டை வாங்கி வேலாயுதண்ணன் கையில் வைத்தார். "உயிரெடுத்த சாமான் என் முற்றத்தில் வேண்டா. இதையும் கொண்டு போ." துப்பாக்கியையும் அவருக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். சேட்டுக்கு அது தண்டனை இல்லை, தீட்டுக் கழிப்பது. ஆனால் தோளில் துப்பாக்கியோடு பஜார் ரோட்டில் நடந்து போன மனுஷனை ஊரே பார்த்தது. புறாவைச் சுட்டவன் என்ற பேர் அவருக்கு முன்னால் ஓடிப்போய் எல்லாக் கிட்டங்கி வாசலிலும் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு பஜாரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

தங்கமணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சின்ன மூக்குப்பொடி டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சின் நடுவே அந்தக் குண்டு. வெளுத்துப் போயிருந்தது. தலை சப்பையாகியிருந்தது.

"இதைத் தூக்கிப் போடவே விடல. இதுலதான் இருக்குன்னு சொல்வார். என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது."

கையில் வாங்கினேன். விரலுக்குக் கொஞ்சம் தடிமனாகப் பட்டது. பலூன் கடைக்காரன் ஒருவனுக்காக நான் வாங்கி வைத்த புதுக் குண்டுகள் மேஜை டிராயரில் இருந்தன. ஒன்றாம் நம்பர், மெல்லிசு. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது அண்ணன், புதுசு தம்பி மாதிரி இருந்தது. சப்பையானதால் பெரிதாகத் தெரிகிறதோ என்று என் மனசே எனக்கு எதிராக வாதம் பண்ணியது. திரும்பத் துப்பாக்கியை இழுத்துத் திருகுக்குப் பக்கத்தில் பவுடரைத் தடவினேன். கீறல் என்று நான் விட்ட கோட்டுக்கு மேலே சின்னக் கொக்கி, கீழே சின்னப் பாதம். ஒன்று என்கிற எண். அந்தக் கால இங்கிலீஷ் ஏர்கன்னில் எந்த நம்பர் குண்டு போட வேண்டும் என்று அங்கேதான் அடித்திருப்பார்கள்.

பக்கத்துக் கடை தட்டான் ராஜனிடம் ஓடினேன். எழுபது தாண்டின மனுஷன் ஓடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தங்கம் நிறுக்கற தராசுல ஈயத்தப் போடறீங்களே அண்ணாச்சி. கடை நொடிச்சுப் போச்சா?"

"நீ நிறுடா முதல்ல."

புதுக் குண்டு அரை கிராம். ராஜன் அதை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தான். ஒரு கிராமுக்குத் துளி குறைவு. இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். அதேதான்.

ஈயம் நசுங்கும், சப்பையாகும், கோணும். ஆனால் எடை கூடாது. என் கையில் இருந்தது ரெண்டாம் நம்பர் குண்டு, தடித்த சாதி. ஒன்றாம் நம்பர் குழாயின் வாசலில்கூட அது நுழையாது. கடைக்குத் திரும்பி, சப்பையாகாத வால் பக்கத்தைத் திருகின் துளையில் வைத்துக் காட்டினேன். வாய்க்குச் சேராத மூடி மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது.

வேறெங்கோ ஒரு மாடியில், வேறொரு துப்பாக்கியோடு, யாரோ ஒருவன் சுட்டிருக்கிறான். அடிபட்ட புறா பறந்து வந்து எங்கள் சுக்கில் விழுந்திருக்கிறது. அவன் யாரென்று எனக்குத் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. அன்றைக்கு யாராவது இந்தக் குண்டைத் துளையில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம். யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் துப்பாக்கியில் குண்டு போடுவதற்கு ஒரு துளை உண்டு என்பதே எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

தங்கமணி அழவில்லை. டப்பாவை மூடி மறுபடியும் முடிந்துகொண்டாள். விலையைச் சொன்னேன். கம்பி உடைந்தது குறைச்சல். குழாய் கன்னி கழியாதது பெரிய கூடுதல். பழைய ஸ்கூட்டருக்கு மேலே, புது ஸ்கூட்டருக்குக் கீழே. பெங்களூர்க்காரர் சொன்னது அதில் பாதிதான். அவள் காதில் அது சரியாக விழுந்ததாகத் தெரியவில்லை.

"சேட்டு வீட்ல சொல்லணும் அண்ணாச்சி. கூட வருவீங்களா?"

சேட்டு இல்லை என்றேன். பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நடந்து போனோம். கிட்டங்கி இப்போது காப்பிக் கடை. சுவரில் பெரிய பெரிய படங்கள். கல் முற்றம் மட்டும் அப்படியே இருந்தது, அதன்மேல் மேஜைகள். வாசலில் நின்ற பெண், "எத்ர பேரா?" என்றாள்.

"ரெண்டாள்" என்றாள் தங்கமணி, கிட்டங்கிக்குள் கணக்குச் சொல்கிற மாதிரி, உரக்க.

உட்கார்ந்தோம். காப்பி வந்தது. அதற்கு மேல் என்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானும் அன்றைக்கு இங்கே நின்றேன் என்று சொன்னேன். வெடித்தது என்று சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும். குடைக்கு அடியில் இருந்த நாற்காலியின்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. மறுநாளே அது எனக்குக் கிடைத்தது, துப்பாக்கிக்குப் பதிலாகத் தட்டுவதற்கு ஒரு நெய்த்தகரத்தோடு. அந்த நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்து, எந்தக் கிட்டங்கியிலிருந்து என்ன பழைய சாமான் வெளியே போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். சொந்தக் காலில் நின்றேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் மேலே சொன்னேன்.

அவள் காப்பியைப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கு அது தெரியும். 'அந்தப் பாண்டிப் பயலுக்குத் தெரியும், ஆனா வாயத் தொறக்க மாட்டான்'னு சொல்வார். பேரு சொன்னதில்ல. அது நீங்கதான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு துப்பாக்கியை விற்பதாக இல்லை என்றும், மகனிடம் அவளே பேசிக்கொள்வாள் என்றும் சொல்லிவிட்டு ஆட்டோவுக்குக் கிளம்பினாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

எங்கள் தெருவில் இப்போது சுக்கு காய்வதில்லை. மிளகு மூட்டைக்குத் துளையிட்டுப் பார்க்கிற கூர்க்கோல்காரர்கள் இல்லை. தலைச்சுமையோடு வழி கேட்டுக் கத்துகிறவர்கள் இல்லை. படகுத்துறையில் வள்ளங்கள் முட்டிக்கொள்கிற சத்தம் இல்லை. அவை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அதையெல்லாம் விற்றுத்தான் சாப்பிட்டேன். அன்று முற்றத்தில் பதினொரு பேர் நின்றோம். சேட்டு, கணக்குப்பிள்ளை, சுக்கு பொறுக்குகிற பெண்கள், மூட்டைக்காரர்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வேலாயுதண்ணன் சுடவில்லை என்று இன்றைக்கு எனக்கு அத்தாட்சியோடு தெரியும். அதைக் கேட்டு 'அப்படியா' என்று சொல்ல அந்தப் பதினொரு பேரில் நான் ஒருத்தன்தான் மிச்சம் இருக்கிறேன்.